டிஓஐயா, ஹேண்டிலா, ஆர்க்கா? நம்ம கட்டுரைக்கு எந்த நிரந்தர நம்பர் வாங்குறது

"சங்கத்து ஆண்டு மலர்ல இந்த தடவ ஆய்வுக் கட்டுரையும் போடுறோம், அதுக்கு டிஓஐ வாங்கணுமாமே, எங்க வாங்குறது, எவ்வளவு ஆகும்"னு தென்னாப்பிரிக்கா டர்பன் சாட்ஸ்வொர்த்துலேர்ந்து ஒரு அண்ணன் கேக்குறாரு. பீட்டர்மாரிட்ஸ்பர்க்ல ஒரு அக்கா, கோயில் கமிட்டியோட பழைய மினிட்ஸ் புத்தகத்த எல்லாம் ஸ்கேன் பண்ணி வச்சுக்கிட்டு, இதுக்கும் நம்பர் போட முடியுமான்னு கேக்குறாங்க. வெஸ்ட்வில்ல எம்ஏ பண்ற ஒரு தம்பிகிட்ட சூப்பர்வைசர் ஹேண்டில் இருந்தா போதும்னு சொல்லிட்டாராம், கூட படிக்கிற பொண்ணு ஹேண்டில்லாம் செல்லாது டிஓஐ தான் செல்லும்னு பயமுறுத்திருச்சாம். டிஓஐ, ஹேண்டில், ஆர்க் எல்லாம் இணையத்துல இருக்குற கட்டுரைக்கோ ஃபைலுக்கோ குடுக்குற மாறாத நம்பர் வகைங்க. மூணு பேருக்கும் தனித்தனியா வாய்ஸ் நோட் அனுப்பி முடியல, ஒரே இடத்துல எழுதிடுறேன். முன்கூட்டியே சொல்லிடுறேன், மூணு பேருக்கும் ஒரே பதில் கிடையாது.

இந்த நம்பர் என்ன பண்ணுது, என்ன பண்ணாது

டர்பன் தமிழ்ப் பள்ளிக்கூடங்கள பத்தி ஒரு தீசிஸ், கடைசிப் பக்கத்துல மேற்கோள் பட்டியல், அதுல ஒரு கோயில் வெப்சைட் லிங்க் குடுத்திருக்கு. அழுத்திப் பாத்தா கலர் கலரா சூதாட்ட விளம்பரம் ஓடுது. கோயில்காரங்க டொமைன புதுப்பிக்கல, யாரோ வாங்கிட்டான், அவ்வளவுதான். தீசிஸ் எழுதுனவங்க மேலயும் தப்பில்ல, கோயில் மேலயும் பெரிய தப்பில்ல, ஆனா அந்த மேற்கோள் செத்துப்போச்சு. 2009-ல ஜியோசிட்டீஸ மூடுனப்ப ஆரம்பகாலத் தமிழ்ப் பக்கங்கள் எத்தனையோ இப்படித்தான் போச்சு. பெரிய இடத்துலயும் இதே கததான்: நேட்டால் யுனிவர்சிட்டியும் டர்பன்-வெஸ்ட்வில் யுனிவர்சிட்டியும் 2004-ல ஒண்ணா சேந்து குவாசூலு-நேட்டால் யுனிவர்சிட்டி ஆச்சு, இப்படி பேரே மாறுறப்ப இணைய முகவரி மட்டும் மாறாம நிக்குமா.

அதுக்குத்தான் இந்த நிரந்தர நம்பர். கட்டுரைக்கு ஒரு நம்பர், அந்த நம்பர் எங்க போகணும்னு ஒரு ரெஜிஸ்டர்ல எழுதி வச்சிருக்கும், வீடு மாறுனா ரெஜிஸ்டர்ல புது முகவரிய மாத்திடுவாங்க, நம்பர் அப்படியே இருக்கும். நமக்கு இது புதுசும் இல்ல. 1860-லேர்ந்து 1911 வரைக்கும் ஒப்பந்தக் கூலியா நேட்டாலுக்கு வந்த 1,52,184 பேருக்கும் ஆளுக்கு ஒரு காலனி நம்பர் குடுத்தாங்க, குடுத்த காரணம் நல்லதில்ல, ஆனா இன்னிக்கு கொள்ளுத்தாத்தா எந்த ஜில்லா எந்த ஊருன்னு தேடுற குடும்பங்களுக்கு அந்த நம்பர்தான் வழி காட்டுது. நம்பர் தானா வேலை செய்யல, கப்பல் பட்டியல யாரோ இத்தன காலமா பாதுகாத்து வச்சிருக்காங்க, அதனால வேலை செய்யுது.

டிஓஐக்கும் இதே கததான், இத நிறைய பேர் மறந்துடுறாங்க. நம்பர் வாங்கிட்டா கட்டுரை பத்திரம்னு நெனைக்கிறாங்க. 2024 ஜனவரில மார்ட்டின் ஈவ்ங்கற ஆய்வாளர் வெளியிட்ட ஆய்வு ஒண்ணு, டிஓஐ உள்ள 74 லட்சத்துக்கு மேற்பட்ட படைப்புகள எடுத்து, அதெல்லாம் எந்தக் காப்பகத்துலயாவது பிரதி இருக்கான்னு பாத்தாங்க, 28 சதவீதத்துக்கு சரியான பிரதி எங்கயும் கிடைக்கல. அந்த ஜர்னல் படுத்துச்சுன்னா நம்பர் மட்டும் நிக்கும், போய்ச் சேர இடம் இருக்காது.

இன்னொரு மூடநம்பிக்கையையும் இங்கயே உடைச்சிடுறேன், டிஓஐ இருந்தா தரமான கட்டுரைன்னு அர்த்தம் கிடையாது. காசு வாங்கிட்டு எதையும் போடுற ஜர்னல்லயும் டிஓஐ இருக்கு. உயர்கல்வித் துறை யுனிவர்சிட்டிக்கு மானியம் குடுக்குறது அவங்க ஏத்துக்கிட்ட ஜர்னல் பட்டியல வச்சு, டிஓஐய வச்சு இல்ல. கூகுள் ஸ்காலர்ல வரணும்னாகூட டிஓஐ கட்டாயம் இல்ல.

எத வச்சு முடிவு பண்றது

நான் பாக்குற முதல் விஷயம் பத்து வருஷம் கழிச்சு அந்த ரெஜிஸ்டர்ல முகவரிய மாத்தப் போறது யாரு, அந்த ஆளு அப்பவும் இருப்பாரா. நம்ம சங்கங்கள்ல கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஒரே ஒரு பையன் இருப்பான், அவனும் பெர்த்துக்கு வேலை கிடைச்சு போயிடுவான். அடுத்தது பத்து வருஷக் கணக்குல காசு, முதல் வருஷக் கணக்குல இல்ல, அதுவும் ராண்டுல வசூல் பண்ணி டாலர்ல கட்டுறவங்களுக்கு இது முக்கியம். மூணாவது, அடுத்தவங்க நம்ம கட்டுரைய மேற்கோள் காட்டுனா அது எண்ணிக்கைல வருமா. நாலாவது, நாளைக்கு இடம் மாறணும்னா நம்பரையும் கூட கூட்டிட்டுப் போக முடியுமா. தமிழ்ல தலைப்பு போட முடியுமாங்கறது ஒரு காலத்துல பெரிய கேள்வி, இப்ப எல்லா இடத்துலயும் முடியும், அத ஒரு அளவுகோலா வைக்கவே வேணாம்.

சும்மா வெப்சைட்ல போட்டு விடுறது

செலவு கம்மி, டொமைனுக்கும் ஹோஸ்டிங்குக்கும் வருஷத்துக்கு கட்டுறது மட்டும்தான். விசேஷ அழைப்பிதழ், நிகழ்ச்சி போட்டோ, வகுப்பு நேர அட்டவணை இதுக்கெல்லாம் நம்பர் தேடி அலையாதீங்க, வெப்சைட் போதும். ஆனா யாராவது மேற்கோள் காட்டுவாங்கன்னு நெனைக்கிற எதையும் இப்படி விடாதீங்க, சூதாட்ட விளம்பரக் கத மேலேயே சொல்லிட்டேன்.

கிராஸ்ரெஃப்ல நேரா உறுப்பினராகி டிஓஐ வாங்குறது

2000-ல பதிப்பாளர்கள் ஒண்ணு சேந்து ஆரம்பிச்ச அமைப்பு, இன்னிக்கு ஜர்னல் கட்டுரைன்னு எடுத்துக்கிட்டா டிஓஐன்னாலே பெரும்பாலும் இவங்ககிட்ட பதிவானதுதான். உறுப்பினர் ஆனா 10-ல ஆரம்பிக்கிற ஒரு முன்னெண் உங்களுக்குன்னு குடுப்பாங்க, அதுக்குப் பின்னாடி வர்ற பாகத்த நீங்களே வச்சுக்கலாம். மேற்கோள் இணைப்புல இவங்கள அடிச்சுக்க ஆள் கிடையாது, உங்க கட்டுரை மேற்கோள் காட்டுனதும் உங்க கட்டுரைய அடுத்தவங்க காட்டுனதும் மெஷினே கோத்துக்கும்.

சின்ன பதிப்பாளருக்கு வருஷக் கட்டணம் ரொம்ப காலமா 275 டாலரா இருந்துச்சு, புதுக் கட்டுரை ஒண்ணுக்கு 1 டாலர். கட்டணம் மாறும், சேர்றதுக்கு முன்னாடி ஒரு தடவ பாத்துக்குங்க, ஆனா கணக்கு போடுற விதம் இதுதான்: வருஷத்துக்கு பன்னெண்டு கட்டுரை போட்டா பத்து வருஷத்துக்கு கட்டுரைக் காசு 120 டாலர், உறுப்பினர் காசு 2750 டாலர். டாலர் 18 ராண்ட்னு வச்சா உறுப்பினர் காசு மட்டும் 49,500 ராண்ட். ஒரு மலருக்கு எத்தன விளம்பரம் புடிச்சா இந்த காசு வரும்னு நம்ம கமிட்டிக்காரங்களுக்கு நல்லா தெரியும். ஏழை நாடுகளுக்கு 2023-லேர்ந்து கட்டணமே இல்லாத திட்டம் ஒண்ணு இருக்கு, தென்னாப்பிரிக்கா அந்தப் பட்டியல்ல இல்ல, கேட்டும் பிரயோஜனம் இல்ல.

காசு தெரிஞ்ச செலவு. தெரியாத செலவு என்னன்னா, சேர்றப்ப நீங்க சில கடமைய ஒத்துக்கிறீங்க: ஒவ்வொரு கட்டுரைக்கும் தனிப் பக்கம் இருக்கணும், முகவரி மாறுனா ரெஜிஸ்டர்ல மாத்தணும், உங்க மேற்கோள் பட்டியல்ல அடுத்தவங்க டிஓஐய இணைக்கணும். மலர் மொத்தத்தையும் ஒரே பிடிஎஃப்பா போட்டு "42-ஆம் பக்கம் பாக்கவும்"னு விட முடியாது. இதுக்கு ஓஜேஎஸ் மாதிரி ஒரு ஜர்னல் சாஃப்ட்வேர் வேணும், அது இலவசம்தான், ஆனா அத அப்டேட் பண்ணி ஹேக் ஆகாம பாத்துக்க ஒரு ஆள் வேணும், அது இலவசம் இல்ல. நடுவுல பணம் கட்ட முடியாம வெளிய வந்தாலும் ஏற்கனவே குடுத்த டிஓஐ அழியாது, ஆனா அதுக்கப்புறம் முகவரி மாறுனா தவிக்க வேண்டியதுதான்.

வருஷத்துக்கு ரெண்டு மூணு இதழ் தவறாம கொண்டு வர்றீங்க, பின்னாடி ஒரு யுனிவர்சிட்டி டிபார்ட்மென்டோ நிலையான காசோ இருக்கு, அப்படின்னா இதுதான் சரி, வேற யோசிக்காதீங்க. இல்லாட்டி வேணாம். நேரா சேராம உள்ள போக ஒரு பக்கவழியும் உண்டு, ஆய்வறிஞர் மதிப்பீடு பண்ணி வர்ற ஆப்பிரிக்க ஜர்னலா இருந்தா ஆப்பிரிக்கன் ஜர்னல்ஸ் ஆன்லைன்ல சேரப் பாருங்க, நம்ம நாட்டுலேர்ந்தே நடக்குது, அவங்க முன்னெண் 10.4314 போட்டு டிஓஐ குடுக்குறாங்க. ஆண்டு மலருக்கு அங்க இடம் கிடையாது, அது வேற விஷயம்.

சீனோடோல ஏத்தி இலவச டிஓஐ

2013-ல ஜெனீவா பக்கத்துல இருக்குற செர்ன் ஆய்வுக்கூடம் ஆரம்பிச்ச, ஃபைல்கள சேத்து வைக்குற இணையக் களஞ்சியம் இது. கணக்கு தொறந்து பிடிஎஃப்ப ஏத்துனா அங்கயே 10.5281-ல ஆரம்பிக்கிற டிஓஐ, ஒரு காசு இல்ல. இது டேட்டாசைட்ங்கற இன்னொரு அமைப்பு மூலமா பதிவாகுது, அதனால "இது உண்மையான டிஓஐ இல்லையே"ன்னு யாராவது சொன்னா கண்டுக்காதீங்க, கிராஸ்ரெஃப் டிஓஐயும் இதுவும் ஒரே டிஓஐ தான், பதிவு பண்ற ஆபிஸ்தான் வேற. தமிழ்ல தலைப்பு, சுருக்கம் எல்லாம் ஏத்துக்கும். சங்கத்து பேர்ல ஒரு கம்யூனிட்டி பக்கம் போட்டு எல்லாத்தையும் ஒரே இடத்துல காட்டலாம்.

எனக்கு இதுல ரொம்ப புடிச்சது, நம்பரும் கட்டுரையும் ஒரே எடத்துல இருக்கு. முகவரி மாத்துற தலைவலி உங்களுக்கு இல்ல, மாறுனா அவங்களே மாத்திக்குவாங்க, ஃபைல் செர்ன் சர்வர்ல இருக்கு, நம்ம ஊர்ல கரென்ட் போனாலும் வெள்ளம் வந்தாலும் அதுக்கு ஒண்ணும் இல்ல. 2022 ஏப்ரல் வெள்ளத்துக்கு அப்புறம் டர்பன்ல யாருக்கும் இத விளக்கிச் சொல்லத் தேவையில்லன்னு நெனைக்கிறேன்.

மறைஞ்ச செலவு இங்கயும் உண்டு. டிஓஐய அழுத்துனா சீனோடோ பக்கம்தான் வரும், உங்க வெப்சைட் வராது, பின்னாடி உங்க பக்கத்துக்கு திருப்பி விடுங்கன்னும் கேக்க முடியாது, ஆக இடம் மாத்துற அளவுகோல்ல இது ஃபெயில். ஃபைல ஒரு தடவ வெளியிட்டுட்டா நாள் கழிச்சு எழுத்துப்பிழை கண்டுபிடிச்சு சத்தமில்லாம மாத்தலாம்னு நெனைக்காதீங்க, புது பதிப்பாதான் ஏத்தணும், அதுக்கு தனி டிஓஐ வரும் (எல்லா பதிப்புக்கும் சேத்து ஒரு பொது டிஓஐயும் இருக்கும், மேற்கோளுக்கு எத குடுக்குறதுன்னு முன்னாடியே தீர்மானிச்சுக்குங்க). தரம் பாத்து எடுக்குறதும் இல்ல, யார் வேணா ஏத்தலாம், அதனால சில பேராசிரியருங்க சீனோடோன்னு பாத்தாலே மூஞ்ச சுளிப்பாங்க. அப்புறம் அந்த பெர்த் பையன் பிரச்சன, அவன் சொந்த ஈமெயில்ல கணக்கு தொறந்திருந்தா அவனோட சாவியும் போயிடும். சங்கத்துக்குன்னு ஒரு பொது ஈமெயில் போட்டு, பாஸ்வேர்ட செயலாளரும் பொருளாளரும் வச்சுக்கணும், கமிட்டி மாறுறப்ப வங்கிக் கையெழுத்து மாத்துற மாதிரி இதையும் ஒப்படைக்கணும்.

இவ்வளவு சொல்லியும், ஆண்டு மலர், கருத்தரங்குக் கட்டுரை, ஓய்வு பெற்ற வாத்தியார் எழுதி வச்ச கையெழுத்துப் பிரதின்னு வந்தா நான் முதல்ல கை காட்டுறது இங்கதான்.

யுனிவர்சிட்டி களஞ்சியத்து ஹேண்டில்

டிஓஐக்கே அடிப்படை ஹேண்டில்தான், இணையத்தோட அடிப்படை விதிகள எழுதுன ரெண்டு பேர்ல ஒருத்தரான பாப் கான் உருவாக்குன முறை, ஒவ்வொரு டிஓஐயும் உள்ளுக்குள்ள ஒரு ஹேண்டில். அதனால ஹேண்டில் செல்லாதுன்னு அந்தப் பொண்ணு சொன்னது அநியாயம். நம்ம குவாசூலு-நேட்டால் யுனிவர்சிட்டியோட களஞ்சியமான ரிசர்ச்ஸ்பேஸ்ல தீசிஸ் ஏத்துனா 10413-ல ஆரம்பிக்கிற ஹேண்டில் கிடைக்கும், மாணவருக்கு செலவு சுத்தமா இல்ல, முகவரிய பாத்துக்குறது லைப்ரரியன் வேலை. யுனிவர்சிட்டி லைப்ரரிய விட நீண்ட ஆயுசு உள்ள ஆளு நம்மகிட்ட வேற யாரும் இல்ல. கொற என்னன்னா மேற்கோள் எண்ணுற மெஷின்கள் டிஓஐய கோக்குற அளவுக்கு ஹேண்டில கோக்காது. தீசிஸுக்கு அது பெரிய நஷ்டமே இல்ல, அதுலேர்ந்து ஒரு கட்டுரை எடுத்து டிஓஐ குடுக்குற ஜர்னல்ல போட்டா அதுக்கு டிஓஐ தானா வந்துடும்.

சங்கமே தனியா டிஸ்பேஸ்ங்கற களஞ்சிய சாஃப்ட்வேர போட்டு ஹேண்டில் குடுக்கலாமான்னு கேக்குறவங்களுக்கு ஒரு எச்சரிக்க. முன்னெண்ணுக்கு வருஷத்துக்கு 50 டாலர்தான், மலிவுதான், ஆனா டிஸ்பேஸ நிறுவுன உடனே அது உதாரணத்துக்கு வச்ச ஒரு முன்னெண்ணோட வரும், 123456789-னு. நெறைய பேர் காசு கட்டி சொந்த முன்னெண் வாங்காம அத அப்படியே விட்டுட்டாங்க, பாக்க அசல் ஹேண்டில் மாதிரியே இருக்கும், அந்த சர்வர் இருக்குற வரைக்கும் தொறக்கவும் தொறக்கும், ஆனா உலகப் பொது ரெஜிஸ்டர்ல அது பதிவே இல்ல. லிங்க்ல ஹேண்டில்னு போட்டு ஒண்ணுலேர்ந்து ஒன்பது வரைக்கும் வரிசையா இருந்துச்சுன்னா அது வெறும் வெப்சைட் முகவரி, அவ்வளவுதான்.

ஆர்க்

இத பத்தி நம்ம ஆளுங்க பேசவே மாட்டேங்குறாங்க. 2001-ல வந்தது, கலிஃபோர்னியா டிஜிட்டல் லைப்ரரில வளந்தது, பிரான்ஸ் தேசிய நூலகம் தன்னோட டிஜிட்டல் பொருளுக்கெல்லாம் இததான் போடுது, இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கற இலவச இணையக் காப்பகத்துல ஏத்துற ஸ்கேன் புத்தகம் மாதிரி பொருளுக்கு ஒரு ஆர்க் தானா வருது. ஒரு படிவம் நெரப்புனா உங்க அமைப்புக்கு ஒரு எண் குடுப்பாங்க, கட்டணம் கிடையாது, ஆண்டுச் சந்தா கிடையாது, எத்தன லட்சம் வேணா போட்டுக்கலாம். மினிட்ஸ் புத்தகத்து ஒவ்வொரு பக்கத்துக்கும், போட்டோ ஒவ்வொண்ணுக்கும் நம்பர் வேணும்னா டிஓஐ கட்டுப்படியாகாது, ஆர்க் கட்டுப்படியாகும். இன்ன விவரம் இருந்தே ஆகணும்னு கட்டாயமும் இல்ல, எழுதுனது யாருன்னே தெரியாத பழைய காகிதத்துக்கு இது பெரிய வசதி.

ஆனா பொறுப்பு பூரா உங்க தலைல. பொது வாசல் உங்க சர்வர் வரைக்கும் கொண்டு வந்து விடும், அங்கேர்ந்து சரியான பக்கத்துக்கு அனுப்புறது உங்க சர்வர், அது படுத்தா ஆர்க்கும் படுத்துச்சு. ஜர்னல் மேற்கோள் உலகத்துல இதுக்கு பெரிய மதிப்பும் இல்ல. சொந்தமா ஆர்க் எண் வாங்குறது ஆர்க்கைவ், மியூசியம், நல்ல ஐடி ஆள் உள்ள அமைப்புக்கு. அது இல்லாதவங்க இன்டர்நெட் ஆர்க்கைவ்ல ஏத்தி அவங்க குடுக்குற ஆர்க்க எழுதி வச்சுக்குறது புத்திசாலித்தனம்.

பிஊஆர்எல்னு இதே மாதிரி நிரந்தர முகவரி ஒண்ணு 1995-லேர்ந்து இருக்கு, 2016-ல இன்டர்நெட் ஆர்க்கைவ் கைக்கு மாறுச்சு. இன்னும் ஓடுது, ஆனா இன்னிக்கு புதுசா ஆரம்பிக்கிற யாருக்கும் நான் அத சொல்ல மாட்டேன்.

அப்ப யாருக்கு எது

சாட்ஸ்வொர்த் அண்ணனுக்கு: சீனோடோ. மொத்த மலரா ஒண்ணு ஏத்தாம கட்டுரைக்கு ஒண்ணா ஏத்துங்க. சீனோடோல டிஓஐய முன்கூட்டியே ரிசர்வ் பண்ற வசதி இருக்கு, அத வாங்கி கட்டுரையோட முதல் பக்கத்து அடில அச்சடிச்சுட்டு, மலர் வெளியாகுற அன்னிக்கு ஃபைல வெளியிட்டா போதும். அதோட ப்ரிட்டோரியா தேசிய நூலகத்துல ஐஎஸ்எஸ்என் கேட்டு வாங்குங்க, அது மலருக்கான நம்பர், காசு கிடையாது, கூடவே சட்டப்படி குடுக்க வேண்டிய பிரதிகளையும் அனுப்பிடுங்க, அதுல ஒண்ணு பீட்டர்மாரிட்ஸ்பர்க் எம்சுண்டூசி லைப்ரரிக்குப் போகும். அச்சுப் பிரதி ஒரு நல்ல லைப்ரரில இருக்குறத எந்த நம்பரும் ஈடுகட்டாது. மலர் என்னிக்காவது தவறாம வர்ற ஜர்னலா வளந்துச்சுன்னா அப்ப கிராஸ்ரெஃப் பத்தி பேசலாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் அக்காவுக்கு: இன்டர்நெட் ஆர்க்கைவும் ஆர்க்கும். ஆனா ஏத்துறதுக்கு முன்னாடி கமிட்டிகிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க, மினிட்ஸ்ல குடும்பச் சண்ட, கடன் பாக்கி எல்லாம் பேரோட இருக்கும், நிரந்தர நம்பர் போட்டு நிரந்தரமா வெளிய விட்டுட்டு அப்புறம் கோயில்ல தல காட்ட முடியாது.

தம்பிக்கு: ஹேண்டில் போதும்பா, சூப்பர்வைசர் சொன்னது சரி.

நம்பர் வாங்குறதுக்கு முன்னாடி

பேர். இந்த ஊர்ல நாயுடு, பிள்ளை, கோவெண்டர், மூட்லி, செட்டின்னு பத்து பதினஞ்சு குடும்பப் பேருக்குள்ள மொத்த ஜனமும் அடங்கிடும், ஒரே டிபார்ட்மென்ட்ல மூணு எஸ். கோவெண்டர் இருந்தா யாரு எழுதுனதுன்னு எந்த மெஷினுக்கும் புரியாது. அதனால எழுதுறவங்க எல்லாரும், ஆளுக்கு ஒண்ணா குடுக்குற ஆர்சிட் நம்பர் ஒண்ணு எடுத்துக்குங்க, 16 இலக்கம், இலவசம், கட்டுரை பதிவாகுறப்பவே அதையும் சேத்து குடுங்க. தமிழ்நாட்டுலேர்ந்து வந்தவங்களுக்கு வேற தொல்ல, கிராஸ்ரெஃப் படிவத்துல குடும்பப் பேர் இல்லாம தாண்ட முடியாது, இனிஷியலத் தூக்கி அந்தக் கட்டத்துல போட்டுட்டா காலத்துக்கும் உங்கள "க." அப்படின்னுதான் மேற்கோள் காட்டுவாங்க. சொந்தப் பேர குடும்பப் பேர்க் கட்டத்துல போடுங்க, இனிஷியல முதல் பேர்க் கட்டத்துல போடுங்க, ஒவ்வொரு கட்டுரைக்கும் அதே மாதிரி போடுங்க.

இன்னொண்ணு, சொந்த முன்னெண் வாங்குறவங்களுக்கு மட்டும். பின்பாகத்துல சங்கத்து பேரு, வருஷம், ஆசிரியர் பேருன்னு அர்த்தம் உள்ளத வைக்காதீங்க, சங்கம் பேர் மாறும், ரெண்டா ஒடையும் (நம்ம ஊர்ல ஒடையாத சங்கம் எது), நம்பர மாத்த முடியாது. தமிழ் எழுத்தும் வைக்க முடியாது, கிராஸ்ரெஃப் அங்க ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டும்தான் ஏத்துக்கும். அர்த்தமே இல்லாத சின்ன எழுத்தும் எண்ணுமா கலந்து ஒண்ண வச்சுட்டு, பதிவு பண்ணுன அன்னிக்கே டிஓஐ டாட் ஓஆர்ஜிக்குப் பின்னாடி அத போட்டு வேற ஒருத்தர் போன்லேர்ந்து தொறந்து பாருங்க. தொறக்கலன்னா நம்பர் இன்னும் பதிவாகலன்னு அர்த்தம், பிரஸ்ஸுக்கு குடுக்காதீங்க.